பிளாஸ்டரில் எழுதின பெயர்

ஒரு ஆள் வேலையை விட்டுப் போகப் போகிறான் என்பது அவனுக்கே உறுதியாகத் தெரிவதற்கு முன்னால் அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டும். "வாடை வரும்டீ" என்னும். ஆசிட்டிலும் குளோரினிலும் வெந்து போன மூக்கு அது. டப்பாவில் சாம்பார் ஊசிப்போயிருந்தால்கூடத் தெரியாமல் சாப்பிடும். ஆள் கிளம்புகிற வாடை மட்டும் தெரியும்.

நான் அப்போது அரசாங்கத் தண்ணீர் பரிசோதனை லேபில் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில், மருந்துக் கம்பெனிகளுக்கு நடுவில் பெயிண்ட் உதிர்ந்த ஒரு மாடிக் கட்டிடம். சுற்றுவட்டத்து ஏரி, போர், கால்வாய்த் தண்ணீரையெல்லாம் கேனில் கொண்டுவந்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்து மேலே எழுதி அனுப்புவதுதான் எங்கள் வேலை. எங்கள் வேலை என்று சொல்லிவிட்டேன். பார்த்தவர்கள் படித்தவர்கள். நான் கழுவினேன். அந்தம்மா அங்கே பொறுப்பு அதிகாரி. பெயர் எழுத மாட்டேன். அந்தம்மா இன்னும் நல்லபடியாக நடமாடுகிறது. இது அதன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து நேற்று இரண்டு முறை எழுதினதைக் கிழித்துப் போட்டேன். இனிமேல் அதனால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் கிழித்தேன்.

சேர்ந்த முதல் நாள். அல்வாலிலிருந்து பஸ் மாறி வந்து, தாமதமாகிவிடுமோ என்று பயந்து ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கேட்டுக்கு வெளியே நின்றேன். அரசாங்க வேலை என்று அம்மா சபையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அரசாங்க வேலை இல்லை. அரசாங்கக் கட்டிடத்துக்குள் ஏஜென்சி வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற தாளில் அந்தம்மாவின் கையெழுத்து வேண்டும்.

என் பெயரைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எஸ்தர். தமிழாடீ நீ?" என்று கேட்டது.

"ஹவ் மேடம், தமிழ்தான். அல்வால்."

"எந்தக் கோயிலுக்குப் போறே?"

"நாங்க சபைக்குப் போவோம் மேடம்."

"ஓ, நீங்க அந்தப் பக்கமா? பரவாயில்லே." சிரித்தது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம், மாதா கோயில்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. "சர்டிபிகேட் எடு."

என்னிடம் என்ன சர்டிபிகேட் இருக்கும்? ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சையில், தெலுங்குப் பேப்பர் அன்றைக்குப் பயத்தில் ஹாலிலேயே வாந்தி எடுத்தேன். எல்லாரும் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து போகவில்லை. அத்தோடு படிப்பு சரி. ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. அதனால் வயதுக்கு என்று ஞானஸ்நானச் சர்டிபிகேட்டைக் கொண்டுபோயிருந்தேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, அப்பா பின்பக்கம் டேப் ஒட்டி வைத்தது.

அதை வாங்கிப் பழுப்புக் கவரில் போட்டு, மேலே என் பெயரை எழுதிற்று.

"மேடம், அது ஒரிஜினல்."

"அதுக்குத்தானே வாங்கறேன்."

பீரோவைத் திறந்தது. நாலாவது தட்டு முழுக்கப் பழுப்புக் கவர்கள். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., சாதிச் சர்டிபிகேட், மார்க் ஷீட். அதன் மேலே என் ஞானஸ்நானம். பீரோவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டது. நடக்கும்போது அட்டையில் சாவி இடிக்கும். டிக், டிக். அந்தச் சத்தம் வந்தால் நான் குடுவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன், கைதவறிவிடும் என்று.

ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வது சட்டத்தில் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். "சரிபார்க்கறதுக்கு" என்று சொல்லி ஒரு சர்க்குலர் எழுதி, முத்திரை குத்தி, நோட்டீஸ் போர்டில் மாட்டியிருந்தது. அரசாங்க முத்திரையைப் பார்த்தால் யார் எதிர்த்துக் கேட்பார்கள்? காரணம் சின்னதுதான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கம்பெனியில் அதே வேலைக்கு இரண்டு மடங்குச் சம்பளம். தேதி தவறாமல் வரும். எங்களுக்கு ஏஜென்சிக்காரன் மூன்று மாதம் கழித்துப் போடுவான், அதுவும் போன் போட்டுக் கெஞ்சினால். எம்.எஸ்ஸி. படித்த பிள்ளைகள் வருவார்கள். தண்ணீரில் ஈயம், பாதரசம் பார்க்கிற பெரிய மிஷினைப் பழகுவார்கள். பழகின ஆளைக் கம்பெனிக்காரன் உடனே கொத்திக்கொண்டு போய்விடுவான். எங்கள் லேப் அவர்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. சம்பளத்தை ஏற்றுங்கள் என்று அந்தம்மா மேலே எழுதிக்கொண்டே இருந்தது. பதிலே வராது. பதில் வராத இடத்தில் பீரோ வந்தது.

பீரோ மட்டும் போதாது என்று இன்னொரு வழியும் பிடித்தது. அதற்கப்புறம் பெரிய மிஷினை யாருக்கும் சொல்லிக் கொடுக்காது. இரண்டு வருஷம் இருந்தால் பார்க்கலாம் என்னும். இரண்டு வருஷம் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் மிஷினில் எப்போதும் அந்தம்மாதான் உட்கார்ந்திருக்கும். சாம்பிள் கேன்கள் மாடிப்படி வரைக்கும் வரிசையில் நிற்கும்.

மூன்றாவது, கோட்டு.

என் அப்பா மிலிட்டரி யூனிபார்ம் தைக்கிற டெய்லர். எனக்கு நன்றாகக் கை ஓடும். இது தெரிந்ததும் வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் பெயர் தைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. நீல நூல், இங்கிலீஷ் எழுத்து. புது ஆள் வந்தால் தைப்பேன். போனால் பிளேடால் பிரிப்பேன். கோட்டு அடுத்த ஆளுக்குப் போகும். ஒரே பாக்கெட்டில் ஐந்து பேரைத் தைத்துப் பிரித்திருக்கிறேன். துணி சல்லடை மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் முன்னே போனவர்களின் எழுத்தெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

ஒருநாள் பிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தம்மா வந்து நின்றது.

"இனிமே தையல் நக்கோ, வேணாம் எஸ்தர். பிளாஸ்டர் ஒட்டி பென்சில்லே எழுது. போறவங்களுக்கு நூல் எதுக்கு? ரெண்டு வருஷம் இருக்கறவங்களுக்குத் தைக்கலாம்."

அன்றிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர். ஒவ்வொரு சலவைக்கும் உரிந்து வரும். சேர்ந்த அன்றைக்கே நெஞ்சில் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பார்கள். முகம் ஒரு மாதிரி ஆகும். அந்தம்மாவின் கோட்டில் மட்டும் என் கையால் தைத்த நீலப் பெயர், கீழே ஒரு பூக்கொடி.

தமிழ் வேறு. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எல்லார் முன்னாலும் சத்தமாகத் தமிழில் பேசும், குடுவையைப் பற்றிச் சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டு.

"எஸ்தர், கடைசி மேஜையைப் பாரு. ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கான்."

கடைசி மேஜையில் ரவீந்தர். அதுவரை செருப்பில் வந்தவன். எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் அந்தம்மா அவனைக் கூப்பிட்டு, மேடக் பக்கத்து ஏரியில் அவசரமாகச் சாம்பிள் எடுக்க வேண்டும், ஜீப் நிற்கிறது என்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது. மத்தியானம் அவனுக்கு இன்டர்வியூ. பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் இறங்கிவிட்டுச் சாயங்காலம் வந்தான். இரண்டு கேனையும் என் முன்னால் வைத்து, "அக்கா, மேடம் தமிழ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"குடுவையில கறை இருக்குன்னாங்க."

நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அவன் எப்படியோ அடுத்த மாதம் போய்விட்டான். சர்டிபிகேட்டுக்காக வந்து வந்து மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் உட்காருவான். "சாவி வீட்டுல இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அவன் முன்னாலேயே நடந்து போகும். டிக், டிக். சாவி கழுத்தில் ஆடுகிறது. அவனும் பார்க்கிறான், நானும் பார்க்கிறேன். மூன்று மாதம் அலையவிட்டுத்தான் கொடுத்தது.

நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும். டீ குடிக்கிற இடத்தில் என்னைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். மேடத்தின் காது என்று எனக்குப் பெயர். காதாக இருக்க நான் எங்கே ஒத்துக்கொண்டேன்? வேண்டாம் என்றும் சொல்லவில்லையே. அதுதான் என் பிரச்சினை.

ஸ்ரவந்தி ஒருத்திதான் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். கரீம்நகர்ப் பக்கத்துப் பெண், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அமீர்பேட் ஹாஸ்டலில் ஒரு ரூமில் ஆறு பேர். புருஷன் துபாய்க்குப் போய் அப்புறம் சத்தமே இல்லை. மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஹாஸ்டலில் குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். தனி ரூம் எடுக்கலாம் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற சம்பளத்தை நம்பி யார் வீடு கொடுப்பார்கள்?

ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, சின்னி இப்போ எங்க அத்தையை அம்மான்னு கூப்பிடறா."

"உன்னை?"

"போன் அம்மா."

சிரித்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. எதிர்க் கம்பெனியில் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ, கிடைக்கிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒரிஜினல் காட்ட வேண்டும் என்று என் காதில் சொன்னாள். மகளை ஸ்கூலில் சேர்க்கிறேன், அதற்குத் தேவை என்று மேடத்திடம் கேட்கப் போகிறாளாம். "கிடைச்சா ஜூனுக்குள்ள சின்னியைக் கூட்டிட்டு வந்துடுவேன் அக்கா. இங்கயே ஸ்கூல். யார்கிட்டயும் சொல்லாதே."

நான் யாரிடம் சொல்வேன்? ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த வாரம்தான் என் ஆறு மாதமும் முடிகிறது. என் தாள் அந்தம்மாவின் மேஜையில் கையெழுத்துக்கு இருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை என்று தெரிந்தால்? சொன்னேன் என்று ஸ்ரவந்திக்குத் தெரிந்தால்? செவ்வாய்க்கிழமை இரண்டு பிப்பெட்டை உடைத்தேன்.

புதன்கிழமை காலையில் ஸ்ரவந்தி போய்க் கேட்டாள். "நாளைக்குத் தரேம்மா" என்று அந்தம்மா ரொம்ப அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டது. என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்து, தலையைத் தூக்காமல் தமிழில் கேட்டது.

"இந்த வாரம் யாருடீ கிளம்பறது?"

"எனக்குத் தெரியாது மேடம்."

"சரி."

அதோடு நின்றிருக்க வேண்டும். என் வாய் நிற்கவில்லை. பயந்தவளின் வாய் அது.

"ஸ்ரவந்தி என்கிட்ட ஒண்ணும் சொல்லலே மேடம்."

பேனா நின்றது. அந்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தம்மா அவள் பெயரைச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். பிறகு என் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டியது. நான் வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அந்தம்மாவின் கழுத்தில் அட்டை மட்டும் இருந்தது. சாவி இல்லை. "ஐயோ, வீட்டுல விட்டுட்டேனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டது. ஸ்ரவந்தி பத்து மணிக்குக் கெஞ்சினாள். பத்தரைக்கு, நான் ஆட்டோவில் போய் உங்கள் வீட்டிலிருந்து எடுத்துவருகிறேன் என்றாள். வீட்டில் யாரும் இல்லை என்றது. வராண்டாவில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு மணி வரை பார்ப்போம் என்றார்களாம். ஒரு மணி வரைக்கும் பீரோவுக்கு எதிரிலேயே நின்றாள். நான் கழுவின குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு அந்தம்மா தன் கைப்பையைக் கவிழ்த்து, "அடடா, இதுலயே இருந்திருக்கு பாரு" என்று சாவியை எடுத்தது. பீரோவைத் திறந்து, கவரை ஸ்ரவந்தியிடம் நீட்டி, "ஸ்கூலுக்கு வேணும்னியே, இந்தாம்மா" என்றது.

"இனிமே வேண்டாம் மேடம்."

"வேண்டாமா? சரி." கவர் திரும்ப நாலாவது தட்டுக்குப் போயிற்று.

அன்றைக்குக் கிளம்பும்போது எங்கிருந்து வந்ததோ எனக்குத் தைரியம். "பாவம் மேடம், சின்னக் குழந்தை இருக்கு" என்றேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. ஜன்னலைக் காட்டியது. எதிரே கம்பெனியின் காம்பவுண்டு, அதை ஒட்டிப் போகிற கால்வாய், அதில் சிவப்பும் மஞ்சளுமாக நுரை.

"அதைப் பாரு. அந்தத் தண்ணியிலே என்ன இருக்குன்னு எழுதறதுக்கு இந்த ஜில்லாவிலே நாம ஒருத்தர்தான். நாம பார்க்கக் கூடாதுன்னுதான் அவன் நம்ம ஆளை டபுள் சம்பளம் குடுத்துத் தூக்கறான். நாலு பேர் போனா இந்த லேபை இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் யாரு பார்ப்பா? அவனே பார்த்து அவனே எழுதிக்குவான். உனக்கு ஒரு குழந்தை தெரியுது. எனக்கு அந்தத் தண்ணியைக் குடிக்கற குழந்தைங்க தெரியுது."

அது சொன்னதில் பொய் இல்லை. இன்றைக்கும் அந்தக் கால்வாயைப் பார்த்தால் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும். ஆனால் சம்பளம் கொடுக்காதது அரசாங்கம், ஆள் பிடிக்கிறது கம்பெனி. இரண்டு பேரையும் தொட முடியாமல், கைக்கு எட்டின ஒருத்தியின் கழுத்தைப் பிடித்தது இந்தம்மா. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது தோன்றிற்று. எனக்கு எல்லாமே அப்படித்தான், பஸ் போன பிறகு.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கோட்டை என் மேல் போட்டது.

"ஸ்ரவந்திக்குப் பேர் தைச்சுடு."

"ரெண்டு வருஷம் ஆகலையே மேடம்."

"ஆகும்."

பாக்கெட்டில் இந்தத் தடவை தெலுங்கில் பென்சிலால் அதுவே எழுதி வைத்திருந்தது. மூன்று எழுத்து. அதன் மேலேயே நீல நூலை ஓட்டினேன். தெலுங்குப் பரீட்சையில் வாந்தி எடுத்தவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெலுங்கை ஒரு தப்பும் இல்லாமல் எழுதினேன்.

ஸ்ரவந்தி கோட்டை வாங்கி, பெயர் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இறுக்கித் தைத்திருந்தேன். கை பழக்கம்.

"அக்கா, நீ சொன்னியா?"

"சத்தியமா நான் சொல்லலே. நீ ஒண்ணும் சொல்லலேன்னுதான் சொன்னேன்."

படித்த பெண் இல்லையா, புரிந்துவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து மாடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். சர்டிபிகேட் கேட்டும் வரவில்லை. கோட்டு ஆணியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. ஊரில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள் என்று ஹாஸ்டல் பெண் ஒருத்தி சொன்னாள். சர்டிபிகேட் இல்லாத எம்.எஸ்ஸி.க்கு வேறு என்ன கிடைக்கும்?

"பிரிச்சுடு" என்றது அந்தம்மா. பிரித்தேன்.

நான் இரண்டு தடவை அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அந்தம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. அப்போது லேபில் பரிசோதனை செய்ய மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர், இரண்டும் பிளாஸ்டர். பெரிய மிஷினில் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதைத் தவிர இருவருக்கும் ஒன்றும் தெரியாது. சிட்டி ஆபீசிலிருந்து சின்ன வயசு அதிகாரி ஒருத்தர் கூடுதல் பொறுப்பு எடுத்துக்கொள்ள வந்தார். சால்வை, ரோஜா மாலை, சமோசா. அவர் பேசும்போதே சொல்லிவிட்டார், மேடம் இல்லாமல் மிஷின் ஓடாது, அதனால் மேடத்தை ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் திரும்ப எடுக்க உத்தரவு வந்திருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். அந்தம்மா மாலையோடு உட்கார்ந்து சிரித்தது. போகவே வேண்டாம் என்கிறார்களே, அதைவிட என்ன வேண்டும் அதற்கு?

பிறகு பீரோவை ஒப்படைக்கத் திறந்தது. நாலாவது தட்டைப் பார்த்து அதிகாரி, "இதெல்லாம் என்ன?" என்றார்.

"ஸ்டாஃப் ஒரிஜினல் சார். சர்க்குலர் இருக்கு."

அவர் தயங்கினார். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் மாடிப்படி வரைக்கும் நிற்கிற கேன் வரிசையை அவரும் பார்த்திருந்தார். "சரி, இருக்கட்டும். நான் சார்ஜ் எடுத்த அன்னிக்கே எல்லாரும் ஓடிட்டா?" என்று சிரித்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

நான் சமோசாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று வைக்காமல் நின்றேன். தெலுங்கில் பேசினேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"சார், அதுல ஸ்ரவந்தியோட கவர் இருக்கு. அவ வேலையை விட்டு ஒரு வருஷம் ஆச்சு."

அந்தம்மா சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னது: "எஸ்தர், உனக்கெதுக்குடீ இது? தட்டை வெச்சுட்டு டீ கொண்டா."

எப்போதும் நான் தமிழில்தான் பதில் சொல்வேன். அன்றைக்குத் தெலுங்கிலேயே சொன்னேன். "டீ கொண்டா, உனக்கெதுக்குன்னு சொல்றாங்க சார். வேலையில இல்லாதவளோட சர்டிபிகேட் இங்க எதுக்குன்னுதான் நான் கேக்கறேன்."

தட்டிலிருந்து ஒரு சமோசா உருண்டு விழுந்தது. யாரும் குனியவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், அத்தனை நாளில் முதல்தடவையாக நேராக. அதிகாரிக்கு வேறு வழியில்லை. போனவர்களுடைய கவர்களை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்ரவந்தியுடையதை என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

என் கவரும் அங்கேதான் இருந்தது. கேட்க மறந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. அதையும் கேட்டிருந்தால் இதைக் கொடுத்திருக்க மாட்டார்களோ என்று நினைத்துத் தேற்றிக்கொண்டேன். இன்னமும் அந்தப் பீரோவில்தான் இருக்கிறது என் ஞானஸ்நானம்.

மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பினேன். விலாசம் சரியா சரியா என்று தபாலாபீசில் நாலு தடவை கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் எரிந்து விழுந்தாள். ஒன்பதாம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அவள் கையெழுத்து, தேதி. வேறு ஒன்றும் இல்லை. போனும் வரவில்லை. அந்த அட்டையை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

நடுவில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. அந்தம்மா காலையில் வந்து நின்றது, கழுத்தில் கயிறு இல்லாமல். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டை வர மூன்று மாதம் ஆகும். அதிகாரி கொஞ்சம் சங்கடமாக, "மேடம், ஏஜென்சி பேப்பர்ல உங்களுக்கும் ஒரிஜினல்... நீங்க எழுதின சர்க்குலர்தானே" என்று இழுத்தார். அந்தம்மா பையைத் திறந்து பி.எஸ்ஸி. சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தது. பழுப்புக் கவர், நாலாவது தட்டு, பூட்டு.

பழைய கோட்டை ரிட்டயர்மென்ட் அன்றைக்கே ஸ்டோருக்குத் திருப்பியாகிவிட்டது, கொடி போட்ட நீலப் பெயரோடு. வேறொரு கோட்டை எடுத்துக்கொண்டு அந்தம்மாவின் முன்னால் போய் நின்றேன். மற்ற இரண்டு பேரும் அவரவர் மேஜையில் இருந்தார்கள். தெலுங்கில்தான் கேட்டேன்.

"தையலா மேடம், பிளாஸ்டரா?"

அந்தம்மா என்னைப் பார்த்தது, அவர்களைப் பார்த்தது. பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பிளாஸ்டர் போதும்டீ" என்றது.

கிழித்து ஒட்டி, பென்சிலால் பெயரை எழுதினேன்.

சனிக்கிழமை கோட்டு சலவைக்குப் போகும். பிளாஸ்டர் உரிந்து வரும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நின்று, அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டேன். ஒரு வாரம்கூட விடவில்லை. அந்தம்மாவும் ஒவ்வொரு வாரமும் அதே பதிலைத் தமிழில் சொல்லிற்று. வேண்டுமென்றேதான் கேட்டேன். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, சபையிலும் சரி, வீட்டிலும் சரி.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பெனியில் குடுவை கழுவ ஆள் வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். ஆதார் போதும் என்றார்கள். கிளம்புகிற வாரத்துத் திங்கட்கிழமை நான் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன், தலைக்குப் பூ வைத்துக்கொண்டு போனேன், பையில் பாஸ்போர்ட் போட்டோ வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனேன். அந்தம்மாவின் முன்னால், ஒரு கை தூரத்தில், பிளாஸ்டரும் பென்சிலுமாக நின்று கடைசித் தடவையாகக் கேட்டேன்.

"பிளாஸ்டர் போதும்டீ" என்றது. அதன் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.